கலாநிதிப் பட்டமும் கரும்பலகையும்

கல்வித்துறையில் கலாநிதிப் பட்டம் பெற விழையும் ஒருவர் எவற்றையெல்லாம் நிறைவேற்ற வேண்டும் என்பதை அறிவது கடினமன்று. சர்வகலாசாலைக் கைந்நூல்கள் அவற்றை வரிசையாகச் சொல்லும். இத்தனை பாடநெறிகள், இத்தனை மணித்தியாலங்கள், ஆராய்ச்சி முறையியலில் இத்தனை, புள்ளிவிபரவியலில் இத்தனை, அதன்பின் ஒரு தகுதிகாண் பரீட்சை, ஆய்வு முன்மொழிவு, அறநெறிக் குழுவின் அனுமதி, ஆய்வேடு, ஈற்றில் வாய்மொழிப் பரீட்சை. இவ்வளவும் உண்டு. இவற்றுள் தேடிக் காண்பதற்கு அரிதான நிபந்தனை ஒன்றே ஒன்று. எந்தப் பாடசாலையை அவர் ஆராய்ந்தாரோ, எந்த ஆசிரியரிடம் வினாக்கொத்தைக் கொடுத்து விடை வாங்கினாரோ, எந்தப் பிள்ளையின் தோல்வியை அட்டவணையாக்கினாரோ, அவர்களிடம் திரும்பிச் சென்று தாம் கண்டதை அவர்தம் மொழியிற் கூறி, அவர்தம் கேள்விகளுக்கு விடையிறுத்தல் வேண்டும் என்ற நிபந்தனையே அது.

இது பட்டதாரிகளின் உள்வீட்டு விவகாரம், சாதாரண ஆசிரியருக்கும் மாணவருக்கும் இதில் என்ன அக்கறை என்று சிலர் கேட்கக்கூடும். நாம் அவ்வாறு கருதவில்லை. இன்று ஆய்வேட்டில் எழுதப்படுவது நாளை பாடத்திட்டமாகிறது, மறுநாள் சுற்றுநிருபமாகிறது, அதற்கு மறுநாள் வகுப்பறை வாசலில் வந்து நிற்கும் கல்வி அதிகாரியின் குறிப்புப் புத்தகமாகிறது. கல்வியைப் பற்றிப் பேசும் உரிமை யாருக்கு என்பதைத் தீர்மானிக்கும் முத்திரைகளுள் கலாநிதிப் பட்டம் தலையாயது. முத்திரை எங்கே வார்க்கப்பட்டது, எவர் வார்த்தார் என்று விசாரிப்பது ஆசிரியரின் கடமை மட்டுமன்று, தற்காப்புமாகும்.

அச்சு வார்க்கப்பட்ட இடம் அமெரிக்கா. பாடநெறியும் ஆய்வேடும் இணைந்த கல்விக் கலாநிதிப் பட்டம் அங்கேதான் இன்றைய வடிவத்தைப் பெற்றது. நியூயோர்க்கிலுள்ள ஆசிரியர் கல்லூரி (பின்னாளிற் கொலம்பியா சர்வகலாசாலையின் அங்கமாக விளங்கிய ‘டீச்சர்ஸ் கொலிஜ்’) 1893இல் கல்வித்துறையில் முதலாவது கலாநிதிப் பட்டத்தை வழங்கியது. அக்காலத்தில் அமெரிக்க நகரங்களின் ஆரம்பப் பாடசாலைகளிற் கற்பித்தோர் பெரும்பாலும் பெண்கள். குறைந்த சம்பளம், நெரிசலான வகுப்புகள், தலைக்குமேல் ஆண் அத்தியட்சகர்கள். இந்தப் பெண்களுக்கு மேலே நின்று ஆணையிடுவதற்கு ஒரு விஞ்ஞானம் தேவைப்பட்டது. அத்தேவையை நிறைவேற்ற எட்வர்ட் தோர்ண்டைக் முன்வந்தார். 1904இல் அவர் வெளியிட்ட உளவியல், சமூகவியல் அளவீடுகள் பற்றிய நூல் ஒரு தலைமுறை ஆய்வு மாணவருக்கு வேதமாயிற்று. அளக்கக்கூடியது எதுவோ அதுவே ஆராயக்கூடியது என்ற கொள்கை கல்வித்துறையில் அன்றே வேரூன்றிவிட்டது.

வேறு வழி இருக்கவில்லையா? இருந்தது. அதே காலத்தில், அதே நாட்டில், சிக்காகோ நகரில் இருந்தது.

எல்லா பிளாக் யங் என்ற ஆசிரியையின் பெயரை எமது ஆசிரிய கலாசாலைகளில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பார்கள் என்பது ஐயமே. 1845இல் பிறந்து, 1862இல், பதினேழு வயதில், சிக்காகோப் பாடசாலையொன்றிற் கற்பிக்கத் தொடங்கியவர் அவர். ஆசிரியையாகவும் அதிபராகவும் உதவி அத்தியட்சகராகவும் முப்பத்தேழு ஆண்டுகள் உழைத்தபின், மேலிருந்து வந்த எதேச்சாதிகாரத்தைப் பொறுக்காமல் 1899இற் பதவியைத் துறந்தார். ஜோன் டூயியிடம் பயின்று 1900ஆம் ஆண்டு, ஐம்பத்தைந்து வயதளவில், சிக்காகோ சர்வகலாசாலையிற் கலாநிதிப் பட்டம் பெற்றார். அவருடைய ஆய்வேட்டின் பொருள் என்ன? பாடசாலைக்குள் நிலவும் தனிமை. ஆசிரியர் ஒருவரோடொருவர் பேச வழியின்றி, திட்டமிடுவோர் ஓரிடத்திலும் செய்து முடிப்போர் மற்றோரிடத்திலுமாகப் பிரிக்கப்பட்டு, மூளை ஒருபுறம் கை ஒருபுறம் என்றாகிவிட்ட ஒரு தாபனம் பிள்ளைகளுக்குச் சுதந்திரத்தைக் கற்பிக்க இயலாது என்று அவர் வாதிட்டார். ஆசிரியர் அவைகள் அமைக்கப்பட வேண்டும் என்றும், பாடசாலையின் போக்கைத் தீர்மானிப்பதில் அவற்றுக்குப் பங்கு வேண்டும் என்றும் கோரினார்.

இந்த ஆய்வேட்டில் முப்பத்தேழு ஆண்டு வகுப்பறை அனுபவம் ‘தரவு’ அன்று. அதுவே சிந்திக்கும் மூளை. ஆராய்பவரும் ஆராயப்படுபவரும் ஒருவரே. அது நூலகத் தட்டில் தூசி படிந்து கிடக்கவும் இல்லை. 1909இல் அவர் சிக்காகோ நகரப் பாடசாலைகள் அனைத்துக்கும் அத்தியட்சகரானார். பெருநகர் ஒன்றின் கல்வி நிருவாகத்துக்குத் தலைமை தாங்கிய முதல் அமெரிக்கப் பெண் அவரே. ஆய்வேட்டில் எழுதிய ஆசிரியர் அவைகளை நடைமுறைக்குக் கொண்டுவர அங்கே முயன்றார். அவருடைய தோழி மார்கரெட் ஹேலி, 1897இல் அமைந்த சிக்காகோ ஆசிரியர் சம்மேளனத்தின் தலைவி. 1904இல் தேசிய கல்விச் சங்கத்தின் மகாநாட்டில், கல்வியைத் தொழிற்சாலையாக்கி ஆசிரியரை யந்திரத்தின் உறுப்பாக்கும் போக்கைக் கண்டித்து ஆசிரியர்கள் தொழிற்சங்கமாக ஒன்றிணைய வேண்டும் என்று முழங்கியவர். கலாநிதிப் பட்டமும் தொழிற்சங்கமும் ஒரே மேசையில் அமர்ந்த அபூர்வமான காலம் அது!

அந்தக் காலம் நீடிக்கவில்லை. டூயி 1904இற் சிக்காகோவை விட்டுக் கொலம்பியாவின் மெய்யியற் பீடத்துக்குச் சென்றார். வென்றது அளவுகோல். அந்த அளவுகோலின் பிறப்பைச் சற்று விரிவாகவே நோக்குவோம். ஏனெனில் இன்று யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் பேராதனையிலும் மாணவர்கள் எண்ணிக்கொண்டிருக்கும் ‘கிரெடிட்’ என்ற அலகின் பூர்வீகம் அங்கேதான் இருக்கிறது.

உருக்கு அரசர் அன்ட்ரூ கார்ணகியை நாம் அறிவோம். 1892இல் ஹோம்ஸ்டெட் உருக்காலையில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்மீது கூலிப் படையை ஏவிய கம்பனியின் அதிபதி. அவர் 1905இல் ஒரு கோடி டொலரை ஒதுக்கிச் சர்வகலாசாலைப் பேராசிரியர்களுக்கு ஓய்வூதிய நிதியம் ஒன்றை ஏற்படுத்தினார். தருமந்தான், ஆனால் நிபந்தனையுள்ள தருமம். எந்தக் கல்லூரியின் பேராசிரியர் இந்த ஓய்வூதியத்துக்குத் தகுதியானவர்? கல்லூரி என்று எதைக் கொள்வது? இதற்கு ஒரு வரைவிலக்கணம் தேவைப்பட்டது. உயர்தரப் பாடசாலையில் ஒரு பாடத்தை ஓராண்டில் 120 மணித்தியாலங்கள் கற்றால் அது ஓர் அலகு. அத்தகைய 14 அலகுகளைப் பெற்ற மாணவரை மட்டும் அனுமதிக்கும் நிறுவனமே கல்லூரி என்று கார்ணகி தாபனம் விதித்தது. ஓய்வூதியத்துக்கு ஆசைப்பட்ட கல்லூரிகள் வரிசையாகத் தலைசாய்த்தன. பிள்ளை எதைக் கற்றான் என்பதை அளப்பதற்காகப் பிறந்த அலகு அன்று இது. கிழப் பேராசிரியருக்குப் படியளப்பதற்காகப் பிறந்த அலகு.

கதை அத்துடன் முடியவில்லை. தொழிற்சாலையில் நிறுத்தற் கடிகாரத்தோடு நின்று தொழிலாளியின் ஒவ்வோர் அசைவையும் அளந்த பிரெடரிக் டெயிலரின் பெயரை நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். அவருடைய சீடர் மொறிஸ் குக் என்ற பொறியியலாளரைக் கார்ணகி தாபனம் அழைத்தது. சில சர்வகலாசாலைகளின் பௌதிகவியற் பகுதிகளைப் பார்வையிட்ட குக், கல்விக்கழகத்தின் திறனையும் கைத்தொழிலின் திறனையும் ஒப்பிடும் அறிக்கையை 1910இல் வெளியிட்டார். சர்வகலாசாலையின் உற்பத்தியை எந்த அலகால் அளப்பது? ஒரு மாணவன் வகுப்பில் இருக்கும் ஒரு மணித்தியாலம், அதாவது ‘மாணவ மணி’ என்பதே அவர் கண்ட விடை. ஒரு தொன் உருக்குக்கு எவ்வளவு செலவு என்று கேட்பதுபோல, ஒரு மாணவ மணிக்கு எவ்வளவு செலவு என்று கேட்கலாம் அல்லவா? இன்றைய கிரெடிட் இந்தக் குடும்பத்தின் பேரப்பிள்ளை.

நூற்றாண்டு கழிந்தபின், 2015இல், அதே கார்ணகி தாபனம் தனது அலகைப் பற்றி மீளாய்வு ஒன்றை வெளியிட்டு, கற்றலின் தரத்தை அளப்பது அதன் நோக்கமாக ஒருபோதும் இருக்கவில்லை என்று ஒப்புக்கொண்டது. வாக்குமூலத்துக்கு நன்றி. ஆனால் இடைப்பட்ட காலத்திற் கலாநிதிப் பட்டம் வரை அந்த அலகு ஏறிவிட்டது. வாரம் மூன்று மணித்தியாலம் ஒரு பருவம் முழுவதும் இருந்தால் மூன்று கிரெடிட். அப்படிப் பத்தோ இருபதோ பாடநெறிகளை அடுக்கினால் ஆராய்ச்சியாளர் உருவாகிவிடுவார் என்பது அமெரிக்கக் கல்விப்பீடங்களின் எழுதப்படாத நம்பிக்கை.

இந்த அடுக்கு ஆசிரியரின் சம்பளத்தோடும் பிணைக்கப்பட்டது. 1921இல் டென்வர், டி மொயின் ஆகிய நகரங்கள் ஆசிரியர் எல்லோருக்கும் ஒரே சம்பளத் திட்டத்தை ஏற்றுக்கொண்டன. ஆரம்பப் பாடசாலை ஆசிரியைக்கும் உயர்தரப் பாடசாலை ஆசிரியருக்கும் சமமான அடிப்படை கிடைத்தது; பெண்களும், காலப்போக்கிற் கறுப்பின ஆசிரியர்களும் போராடிப் பெற்ற பேறு அது என்பதை நாம் மறந்துவிடலாகாது. ஆயினும் அத்திட்டம் இரண்டே இரண்டு படிகளை வைத்தது: ஒன்று சேவை ஆண்டு, மற்றது கிரெடிட். முதுமாணிக்கு இத்தனை டொலர், அதற்குமேல் முப்பது கிரெடிட்டுக்கு இத்தனை, கலாநிதிக்கு இத்தனை என்று பல மாவட்டங்களில் இன்றும் அட்டவணை உண்டு. ஊதிய உயர்வு வேண்டி மாலை வகுப்புக்கு ஓடும் ஆசிரியரை நாம் பழிக்கமாட்டோம். வயிறு நியாயமானது. அறிவைக் கூலியின் அலகாக்கியவர்களையே பழிக்கிறோம்.

அறிவுக்குள்ளும் வருணாசிரமம் புகுந்தது. 1920இல் ஹார்வார்ட் சர்வகலாசாலை தனியான கல்விப் பட்டமேற்படிப்புப் பீடத்தைத் தொடங்கிற்று. பெண்களைப் பட்டப் படிப்புக்கு அனுமதித்த முதல் ஹார்வார்ட் பீடம் அதுவே. ஆனால் ‘மெய்யியற் கலாநிதி’ என்ற பழம்பெரும் பட்டத்தை வழங்கும் அதிகாரம் கலை விஞ்ஞான பீடத்தின் கையிலேயே இருந்தது. புதிய பீடத்துக்குப் புதிய பட்டம் ஒன்று ஆக்கப்பட்டது: ‘கல்விக் கலாநிதி’. முன்னது ஆராய்வோருக்கு, பின்னது தொழில்செய்வோருக்கு என்று விளக்கமும் கூறப்பட்டது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. நடைமுறையில் இரண்டுக்குமான பாடநெறிகளும் ஆய்வேடுகளும் பெரிதும் ஒன்றுபோலவே இருந்தன என்பதைப் பின்வந்த ஆய்வாளர் பலமுறை எடுத்துக்காட்டியுள்ளனர். வேறுபட்டது மதிப்பு மட்டுமே! இறுதியில் ஹார்வார்ட் தானே பெற்ற பிள்ளையைக் கைவிட்டது; 2014 முதல் கல்விக் கலாநிதிக்குப் பதிலாக மெய்யியற் கலாநிதிப் பட்டத்துக்கே மாணவரைச் சேர்த்தது. நிருவாகத் தலைவர்களுக்கென 2010இலேயே வேறொரு பட்டத்தை அமைத்துக்கொண்டது. சிந்திப்போருக்கு ஒரு பட்டம், ஆள்வோருக்கு ஒரு பட்டம். கரும்பலகை முன் நிற்பவருக்கு?

சீர்திருத்தவாதிகள் பேசாமலில்லை. கொலம்பியா ஆசிரியர் கல்லூரியின் தலைவராயிருந்த ஆர்தர் லெவின் 2005இல் வெளியிட்ட அறிக்கை, பாடசாலைத் தலைவர்களுக்குக் கல்விக் கலாநிதிப் பட்டமே வேண்டாம், வர்த்தக நிருவாக முதுமாணியைப் போன்ற ஒரு முதுமாணிப் பட்டம் போதும் என்றது. நோயைச் சரியாகக் கண்டவர், மருந்துக்குக் கடைவீதிக்குப் போனார். 2007இல், கார்ணகி தாபனத்தின் ஆதரவில், இருபத்தைந்து அளவிலான சர்வகலாசாலைகள் ஒன்றுகூடிக் கல்விக் கலாநிதிப் பட்டத்தைத் திருத்தியமைக்கும் திட்டமொன்றைத் தொடங்கின. பின்னர் நூற்றுக்கு மேற்பட்டவை அதிற் சேர்ந்தன. நடைமுறைப் பிரச்சினை ஒன்றை எடுத்து, அதைத் தீர்க்க முயன்று, அந்த முயற்சியையே ஆய்வேடாக்குதல் அதன் சாரம். இது ஒரு முன்னேற்றம் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் பிரச்சினை எது என்று பெயரிடுபவர் யார்? பெரும்பாலும் அதிபர், உதவி அத்தியட்சகர், மாவட்ட அதிகாரி. அதிகாரியின் கண்ணுக்கு ‘ஆசிரியர் ஒத்துழையாமை’ என்று தெரிவது ஆசிரியரின் கண்ணுக்கு ‘ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளை’ என்று தெரியக்கூடும். எந்தப் பெயரில் ஆய்வேடு எழுதப்படுகிறதோ அந்தப் பெயரிலேதான் தீர்வும் வரும்.

பட்டம் பண்டமானால் ஆய்வேடும் பண்டமாகும். வேலை செய்துகொண்டே இணையவழியிற் கலாநிதியாகலாம் என்று விளம்பரம் செய்யும் அமெரிக்க நிறுவனங்களை நாடுவோரில் ஆசிரியர்கள் ஏராளம். ஆய்வேடு குறித்த காலத்தில் முடியாவிட்டால் ‘தொடர்ச்சிப் பாடநெறி’ என்ற பெயரில் மேலும் மேலும் கட்டணம். 2023 ஒக்டோபரில் அமெரிக்கக் கல்வித் திணைக்களம், ஏறத்தாழ 7,500 கலாநிதிப் பட்ட மாணவருக்குச் செலவைக் குறைத்துக் காட்டியதாகக் குற்றஞ்சாட்டி, அரிசோனாவின் கிராண்ட் கான்யன் சர்வகலாசாலைக்கு 3 கோடி 77 இலட்சம் டொலர் அபராதம் விதித்தது. சர்வகலாசாலை குற்றத்தை மறுத்தது. ஆட்சி மாறியபின், 2025 மே மாதத்தில், அதே திணைக்களம் அபராதத்தை நீக்கிவிட்டது. குற்றம் உண்டா இல்லையா என்பதை நாம் இங்கே தீர்க்கப் போவதில்லை. எழுதி முடியாத ஆய்வேட்டுக்கு மாதந்தோறும் வாடகை கட்டும் முறை எப்படி இயல்பானதாயிற்று என்பதே எமது கேள்வி.

இனி, மறுதரப்பின் வாதத்துக்கு வருவோம். பாடநெறியையும் புள்ளிவிபரவியலையும் குறைகூறினால் தராதரம் வீழ்ந்துவிடும். ஆசிரியரின் அனுபவம் என்ற பெயரில் அரட்டையெல்லாம் ஆய்வேடாகிவிடும் என்பார்கள். இதை எளிதிற் புறந்தள்ளிவிட முடியாது. அனுபவம் மட்டுமே அறிவாகாது என்பதை மார்க்சியம் பயின்றவர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆனால் எண்ணிக்கையை நாம் எதிர்ப்பதாக எண்ணுவோர் எம்மைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். எண் யாருக்கு ஊழியம் செய்கிறது என்பதே கேள்வி. இதற்கு ஹொறஸ் மான் பொன்ட் என்ற கறுப்பின அறிஞரைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை.

முதலாம் உலகப் போரின்போது அமெரிக்கப் படைவீரர்க்கு நடத்தப்பட்ட ‘புத்திக்கூர்மை’ச் சோதனைகளைக் காட்டி, கறுப்பர் பிறவியிலேயே மந்தமானவர் என்று பேராசிரியர்கள் சிலர் பறைசாற்றினர். 1924இல், இருபது வயதை எட்டாத பொன்ட், ‘த கிறைசிஸ்’ சஞ்சிகையில் அதே எண்களை எடுத்து அடுக்கினார். வடமாநிலங்கள் சிலவற்றைச் சேர்ந்த கறுப்பின வீரர்களின் புள்ளிகள் தென்மாநிலங்கள் சிலவற்றைச் சேர்ந்த வெள்ளையரின் புள்ளிகளைவிட உயர்ந்திருந்தன. அப்படியானால் சோதனை அளந்தது இரத்தத்தையன்று, பாடசாலையை! எதிரியின் அளவுகோலாலேயே எதிரியை அளந்த கதை இது.

பன்னிரண்டு ஆண்டுகளின் பின், 1936இல், அவர் சிக்காகோ சர்வகலாசாலையிற் கலாநிதிப் பட்டம் பெற்றார். அலபாமா மாநிலத்திற் கறுப்பினத்தாரின் கல்வியை உருவாக்கிய சமூக பொருளாதாரச் சக்திகளே அவருடைய ஆய்வுப் பொருள். 1939இல் அது நூலாயிற்று. நல்லெண்ணம் படைத்த சில தலைவர்களின் பெயர்ப்பட்டியலாகக் கல்வி வரலாறு எழுதப்பட்டு வந்த காலத்தில், பருத்தியும் உருக்கும் என்ன செய்தன என்று கேட்டவர் அவர். பள்ளிப் பணத்தைப் பங்கிடும் அதிகாரத்தை உள்ளூர் அதிகாரிகளிடம் ஒப்படைத்த 1891ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின், கறுப்பினப் பிள்ளைகளின் தலைக்கணக்கைக் காட்டிப் பெற்ற பணம் வெள்ளையினப் பாடசாலைகளுக்கு எவ்வாறு திருப்பப்பட்டது என்பதை மாவட்டம் மாவட்டமாக எண்களால் நிறுவினார். (கார்ணகியின் ஆலைகளை வாங்கி 1901இல் அமைந்த உருக்குக் கம்பனிதான் 1907இல் அலபாமாவின் இரும்பையும் நிலக்கரியையும் கைப்பற்றியது என்பதை வாசகர் போகிற போக்கிற் குறித்துக்கொள்ளலாம். ஒரு கையால் ஓய்வூதியம், மறு கையால் நிலக்கரி.) இந்த ஆய்வேட்டில் புள்ளிவிபரம் இல்லையா? முறையியல் இல்லையா? தராதரம் குறைந்ததா? பிள்ளைகளுக்குப் பதில் சொல்லும் ஆய்வு கடினமான ஆய்வு. கிரெடிட்டை நிரப்பும் ஆய்வைவிடப் பன்மடங்கு கடினமானது.

இங்கிலாந்தில் லோரன்ஸ் ஸ்டென்ஹவுஸ் 1975இல் வெளியிட்ட கலைத்திட்டம் பற்றிய நூலில், ஆசிரியரே ஆராய்ச்சியாளர் என்ற கருத்தை வலியுறுத்தினார். கலைத்திட்டம் என்பது வகுப்பறையிற் பரிசோதிக்கப்பட வேண்டிய ஓர் உத்தேசம். அதைப் பரிசோதிப்பவர் ஆசிரியரேயன்றி வேறெவருமல்லர் என்பது அவர் நிலை. இந்தக் கருத்து எமது பயிற்சிக் கலாசாலைகளின் விரிவுரைகளில் இன்று அடிக்கடி எடுத்தாளப்படுகிறது. கலாநிதிப் பட்ட நிபந்தனைகளில் மட்டும் அது எப்படியோ வழிதவறிப் போய்விடுகிறது.

அமெரிக்க அச்சு எமது அயலுக்கு எவ்வாறு வந்தது என்பதற்கு இந்தியாவின் அனுபவம் ஒரு பாடம். அங்கே பல்கலைக்கழக மானியக் குழு 2009இற் கலாநிதிப் பட்டத்துக்குப் பாடநெறியைக் கட்டாயமாக்கியது. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்குமுன் சஞ்சிகையொன்றிற் கட்டுரை வெளியிட வேண்டும் என்றும் விதித்தது. விளைவு யாது? காசுக்குக் கட்டுரை அச்சிடும் சஞ்சிகைகள் மழைக்காலக் காளான்களாய் முளைத்தன. தானே அங்கீகரித்த பட்டியலிலிருந்து 4,305 சஞ்சிகைகளை அக்குழு 2018 மே மாதத்தில் ஒரே நாளில் நீக்க வேண்டியதாயிற்று. 2022ஆம் ஆண்டு விதிகளிற் கட்டாய வெளியீடு கைவிடப்பட்டது, பாடநெறி நிலைத்தது. அவ்விதிகளில் ஒரு நல்ல அம்சமும் உண்டு: எத்துறை மாணவராயினும் ஆய்வுக் காலத்திற் கற்பித்தலிற் பயிற்சி பெற வேண்டும் என்பது. ஆனால் அது சர்வகலாசாலைக் கற்பித்தலைப் பற்றியது. கிராமப் பாடசாலை அங்கேயும் படலைக்கு வெளியேதான் நிற்கிறது.

எமது நாட்டில் 2012இல் வெளியிடப்பட்டு 2015இல் திருத்தப்பட்ட தேசிய தகைமைச் சட்டகம் கல்வித் தகைமைகளைப் பன்னிரண்டு படிகளாக வகுத்துக் கலாநிதிப் பட்டத்தைப் பன்னிரண்டாவது படியில் ஏற்றி வைத்திருக்கிறது. அதன்படி பாடநெறியில் ஒரு கிரெடிட்டுக்கு 50 மணித்தியால உழைப்பு; ஆராய்ச்சியில் ஒரு கிரெடிட்டுக்குக் குறைந்தது 100 மணித்தியாலம். விரிவுரையிற் செலவாகும் ஒரு மணி, தேடலிற் செலவாகும் இரண்டு மணிக்குச் சமம்! மொறிஸ் குக் உயிரோடிருந்தால் மகிழ்ந்திருப்பார். சட்டகம் தேவையில்லை என்று நாம் சொல்லவில்லை. போலிப் பட்டங்கள் மலிந்த காலத்தில் ஏதோவொரு வேலி வேண்டும். ஆனால் மணிகளை இத்தனை துல்லியமாக எண்ணத் தெரிந்தவர்களுக்கு, மலையகத் தோட்டப் பாடசாலை ஒன்றில் ஆய்வு மாணவர் எத்தனை மணித்தியாலம் செலவிட்டார் என்றும், ஆய்வு முடிந்தபின் எத்தனை மணித்தியாலம் அங்கே திரும்பி வந்தார் என்றும் எண்ணுவது அவ்வளவு கடினமா?

தோட்டப் பாடசாலையைத் தற்செயலாகக் குறிப்பிடவில்லை. 1945இல் இலவசக் கல்வி வந்தபோது அதன் முழுப் பயனும் எட்டாத பிள்ளைகள் அங்கேதான் இருந்தனர். தோட்ட நிர்வாகங்களின் கீழ்க் கிடந்த அப்பாடசாலைகள் அரசின் பொறுப்புக்கு வரத் தொடங்கியது 1970களிலேதான். கல்வி ஆய்வாளருக்கு இதைவிட வளமான களம் வேறில்லை. அதனாலேயே வினாக்கொத்துகள் அங்கே போகின்றன. ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, நூலகத்திற் பூட்டப்பட்டு, தோட்டத்து ஆசிரியரும் தாய்மாரும் வாசிக்க முடியாமற் போகிற ஆய்வேடு, அத்தோட்டத்திலிருந்து ஏற்றுமதியான இன்னொரு சரக்கன்றி வேறென்ன? இலவசக் கல்வியின் பிள்ளைகள் நாம். எமது பட்டங்களுக்கான செலவிற் கொழுந்து பறிக்கும் கைகளின் உழைப்பும் உண்டு.

ஆகவே நாம் கோருவது தளர்வன்று, இறுக்கம். கல்வித்துறையிற் கலாநிதிப் பட்டத்துக்குப் பாடநெறி இருக்கட்டும், புள்ளிவிபரமும் இருக்கட்டும். அவற்றோடு, ஆய்வு வினாவை வகுக்கும்போதே அது பற்றிய வகுப்பறை ஆசிரியர்களின் கருத்து எழுத்தில் இணைக்கப்படட்டும். வாய்மொழிப் பரீட்சைக் குழுவிற் பணியிலுள்ள ஆசிரியர் ஒருவர், கேள்வி கேட்கும் முழு உரிமையோடு, அமரட்டும். ஆய்வின் முடிவுகள் பாடசாலையின் மொழியில், தமிழாயின் தமிழில், சிங்களமாயின் சிங்களத்தில், ஆசிரியரும் பெற்றோரும் கூடிய சபையில் எடுத்துரைக்கப்பட்ட பின்னரே பட்டம் வழங்கப்படட்டும். இன்று அறநெறிக் குழுக்கள், ஆராயப்படுபவருக்குத் தீங்கு நேருமா என்று கேட்கின்றன. நன்மை திரும்புமா என்றும் கேட்கட்டும். பிள்ளைகளுக்குப் பெயர் மறைத்தல் நியாயம். ஆனால் தானே கண்டறிந்ததைச் சொன்ன ஆசிரியரையும் ‘ஆசிரியர் 7’ என்று அவர் விருப்பத்தைக் கேளாமலே குறித்துவிட்டு, அவருடைய கருத்தைத் தமது கண்டுபிடிப்பாக எழுதும் வழக்கம் ஒழியட்டும்.

இவற்றைச் சர்வகலாசாலைச் சபைகள் தாமாக முன்வந்து செய்யும் என்று நாம் எதிர்பார்க்கவில்லை. எல்லா பிளாக் யங்கின் ஆசிரியர் அவைகளுக்குப் பின்னால் ஹேலியின் சம்மேளனம் நின்றது. எமது ஆசிரியர் சங்கங்கள் சம்பள முரண்பாட்டுக்காக 2021இல் மூன்று மாதங்களுக்கு மேல் இணையவழிக் கற்பித்தலை நிறுத்திப் போராடியவை. இந்தச் சிறு கோரிக்கையை எழுப்புவது அவற்றுக்குப் பெரிய காரியமன்று. அதுவரையில், அடுத்த முறை வினாக்கொத்தோடு ஒருவர் ஆசிரியர் ஓய்வறைக்கு வரும்போது, பேனாவை எடுக்குமுன் அவரிடம் மூன்று விடயங்களைக் கேட்கலாம்: இந்தக் கேள்விகளை யாரோடு கலந்து வகுத்தீர்கள்? முடிவை எந்த மொழியில், எந்தத் திகதியில் எமக்குச் சொல்வீர்கள்? ஆய்வேட்டின் பிரதி ஒன்று எமது பாடசாலை நூலகத்துக்கு வருமா? விடைகளை வினாக்கொத்தின் பின்புறத்தில் அவருடைய கையெழுத்தோடு வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.